ஒரே பெயரில் அரசரும் புனிதரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"புனித லூயி" என்று ஒரு நூலில் வருகிறது. யார் அவர்? பிரான்ஸ் மன்னரா, துலூஸ் நகரத்து ஆயரா, இளம் வயதில் இறந்த இயேசு சபைத் துறவியா? மூவருக்கும் அந்தப் பெயர் பொருந்தும். வரலாறு படிக்கத் தொடங்குபவர்கள் ஆண்டுகளைவிட இப்படிப்பட்ட பெயர்களில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்திருக்கிறேன். இரண்டு ஹென்றிகளை ஒருவராக்கி ஒரு குறிப்பு எழுதினேன். அச்சான பிறகுதான் ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார். அதற்குப் பின் சேர்த்துவைத்த கேள்விகளும் பதில்களும் இவை.

அரசர்களுக்கும் புனிதர்களுக்கும் ஒரே பெயர் ஏன் இவ்வளவு அடிக்கடி வருகிறது?

பெரும்பாலும் புனிதர் முந்தியவர், அரசர் பிந்தியவர். ஞானஸ்நானத்தின்போது ஒரு புனிதரின் பெயரை வைத்து, அவரையே குழந்தைக்குப் பாதுகாவலராக ஏற்பது கிறிஸ்தவ ஐரோப்பாவில் பழகிப்போன வழக்கம். அரச குடும்பங்கள் இதில் ஒரு படி மேலே போயின. தங்கள் முன்னோர் வரிசையிலேயே ஒரு புனிதர் இருந்துவிட்டால் அந்தப் பெயரை லேசில் விடமாட்டார்கள். அதில் பக்தியும் இருந்தது, அரியணைக்கான பாத்தியதையும் இருந்தது.

இங்கிலாந்தின் 3ஆம் ஹென்றி நல்ல எடுத்துக்காட்டு. அவருடைய அரண்மனையில் பேசப்பட்டது பிரெஞ்சு. எட்வர்ட் என்பதோ நார்மன் படையெடுப்புக்கு முந்தைய பழைய ஆங்கிலப் பெயர். படையெடுப்புக்குப் பிறகு அரச வீட்டில் யாரும் வைக்காத பெயர். ஆனால் ஹென்றிக்கு, 1066 வரை ஆண்ட மன்னரான புனித எட்வர்ட் மீது அளவற்ற பற்று. 1239இல் பிறந்த மகனுக்கு அந்தப் பெயரையே வைத்தார். அதன் பிறகு தொடர்ந்து மூன்று எட்வர்டுகள் இங்கிலாந்தை ஆண்டார்கள். ஒரு தகப்பனின் பக்தி ஒரு நாட்டின் அரசர் பட்டியலையே மாற்றிவிட்டது.

"புனித லூயி" என்றால் எந்த லூயி?

அடைமொழி எதுவும் இல்லாமல் வந்தால் பிரான்ஸ் மன்னர் 9ஆம் லூயி என்று எடுத்துக்கொள்ளலாம். 1214இல் பிறந்தார், 1226 முதல் 1270 வரை ஆண்டார். கிறிஸ்துவின் முள்முடி என்று நம்பப்பட்ட திருப்பண்டத்தை வாங்கி, அதை வைப்பதற்கென்றே பாரிஸில் சென்ட் ஷப்பேல் ஆலயத்தைக் கட்டியவர் இவர்தான். இரண்டாவது முறையாகச் சிலுவைப்போருக்குக் கிளம்பி, துனிஸ் நகருக்கு அருகே 1270 ஆகஸ்ட் 25இல் நோயால் இறந்தார். பிரெஞ்சு மன்னர்களில் புனிதர் பட்டம் பெற்றவர் இவர் ஒருவர் மட்டுமே. பட்டம் கொடுத்தவர் போப் 8ஆம் போனிஃபாஸ். நாள் 1297 ஆகஸ்ட் 11.

குழப்பம் அதே மாதத்தில் தொடங்குகிறது. 1297 ஆகஸ்ட் 19இல், எட்டே நாள் கழித்து, இந்த மன்னருடைய தம்பியின் பேரன் இறந்தார். அவர் பெயரும் லூயி. நேப்பிள்ஸ் அரியணைக்கு உரிய மூத்த வாரிசாக இருந்தவர். அந்த உரிமையைத் தம்பி ராபர்ட்டுக்கு விட்டுக்கொடுத்து, பிரான்சிஸ்கன் துறவியாகி, துலூஸின் ஆயரானார். இறந்தபோது வயது 23தான். 1317இல் அவருக்கும் புனிதர் பட்டம் கிடைத்தது. ஆக, ஒரே குடும்பத்தில், ஒரே பெயரில் இரண்டு புனிதர்கள். ஒருவர் முடியைச் சுமந்தபடியே புனிதரானவர். மற்றவர் அதை இறக்கி வைத்துவிட்டுப் புனிதரானவர்.

ஓவியங்களில் இருவரையும் பிரித்தறிவது கடினமில்லை. தலையில் கிரீடமும் கையில் முள்முடியும் இருந்தால் மன்னர். தலையில் ஆயரின் தொப்பி இருந்து, கிரீடம் காலடியில் கிடந்தால் துலூஸ் லூயி.

வரைபடத்தில் பிரித்தறிய ஸ்பானியர்கள் உதவி செய்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 1772இல் நிறுவிய மறைபரப்பு மையத்துக்கு சான் லூயிஸ் ஒபிஸ்போ என்று பெயர். 1798இல் நிறுவியதற்கு சான் லூயிஸ் ரெய். 'ஒபிஸ்போ' என்றால் ஆயர், 'ரெய்' என்றால் அரசர். பெயருக்குப் பின்னால் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார்கள், வழக்கு தீர்ந்தது. எல்லாரும் இப்படிச் செய்திருந்தால் இந்தப் பக்கத்துக்கே வேலை இருந்திருக்காது.

அந்த மூன்றாவது லூயி, இயேசு சபைத் துறவி?

லூயிஜி கொன்சாகா, 1568 முதல் 1591 வரை வாழ்ந்தவர். பிரெஞ்சில் லூயி, இத்தாலியில் லூயிஜி, லத்தீனில் அலோசியுஸ். தமிழ்க் கத்தோலிக்கர் இவரை ஞானப்பிரகாசியார் என்கிறார்கள். ஞானப்பிரகாசம் என்ற பெயருடைய ஒருவரும் 14ஆம் லூயியும் பெயர் வகையில் பங்காளிகள் என்று சொன்னால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். உண்மை அதுதான்.

18ஆம் லூயி வரை எண் போகிறதே, பிரான்ஸை 18 லூயிகள் ஆண்டார்களா?

இல்லை. 16ஆம் லூயி 1793இல் கில்லட்டினில் கொல்லப்பட்டார். சிறையில் இருந்த அவருடைய மகனை அரச ஆதரவாளர்கள் 17ஆம் லூயி என்று அழைத்தார்கள். அந்தச் சிறுவன் ஒரு நாள்கூட அரியணையில் உட்காரவில்லை. 1795இல் சிறையிலேயே இறந்தான். பிற்பாடு பதவிக்கு வந்த சித்தப்பா, அந்த எண்ணைக் காலியாக விட்டு 18 என்று சூட்டிக்கொண்டார். இப்படிப்பட்ட எண்களில் கணக்கைவிட அரசியல் அதிகம்.

தொடக்கத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. பிராங்குகளை ஆண்டு 511இல் இறந்த குளோவிஸின் பெயரும் லூயி என்பதும் ஒரே பெயரின் இரண்டு வடிவங்கள். ஆனால் எண்ணிக்கை குளோவிஸில் தொடங்கவில்லை. சார்லமேனின் மகனான பக்திமான் லூயியில்தான் தொடங்குகிறது.

2ஆம் ஹென்றி புனிதரா, புனிதரைக் கொன்றவரா?

நான் விழுந்த குழி இதுதான். இரண்டு பேருமே 2ஆம் ஹென்றி.

முதலாமவர் ஜெர்மானிய அரசர். 1002 முதல் 1024 வரை ஆண்டார். 1014இல் ரோமானியப் பேரரசராக முடிசூட்டப்பட்டார். 1007இல் பாம்பெர்க் மறைமாவட்டத்தை நிறுவினார். அந்த நகரத்துப் பேராலயத்திலேயே மனைவி குனிகுண்டேயுடன் அடக்கமாகியிருக்கிறார். அவருக்கு 1146இல் புனிதர் பட்டம் கிடைத்தது; மனைவிக்கு 1200இல்.

இரண்டாமவர் இங்கிலாந்து மன்னர்; 1154 முதல் 1189 வரை ஆண்டவர். கேன்டர்பரிப் பேராயர் தாமஸ் பெக்கெட் இவருடைய பழைய நண்பர். திருச்சபையின் உரிமைகள் பற்றிய சண்டையில் இருவரும் எதிரிகளானார்கள். மன்னர் கோபத்தில் கத்தியதை உத்தரவு என்று எடுத்துக்கொண்ட நான்கு வீரர்கள், 1170 டிசம்பர் 29இல் பேராலயத்துக்குள்ளேயே பெக்கெட்டை வெட்டிக் கொன்றார்கள். மூன்றே ஆண்டுகளில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1174இல் ஹென்றி வெறுங்காலோடு கேன்டர்பரிக்கு நடந்து, துறவிகளிடம் கசையடி வாங்கிக்கொண்டார்.

பிரான்ஸிலும் ஒரு 2ஆம் ஹென்றி உண்டு; 1559இல் குதிரைமீது ஈட்டிப் போட்டி ஆடும்போது காயப்பட்டு இறந்தார். அவருக்கும் புனிதத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆகவே "2ஆம் ஹென்றி" என்று மட்டும் எழுதி நிறுத்தினால் எதையும் சொன்னதாகாது. நாட்டைச் சேர்க்க வேண்டும்.

ஹென்றிக்கும் தாமஸுக்கும் இங்கிலாந்தில் ஏன் ஒத்துப்போகவில்லை?

தற்செயல்தான். ஆனால் விசித்திரமான தற்செயல். 8ஆம் ஹென்றியைச் சுற்றிலும் தாமஸ்கள்: கார்டினல் தாமஸ் வுல்சி, தாமஸ் மோர், தாமஸ் குரோம்வெல், பேராயர் தாமஸ் கிரான்மர். வுல்சி பதவி பறிபோய், துரோகக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லப் போகும் வழியில் 1530இல் இறந்தார். மோர் 1535இலும் குரோம்வெல் 1540இலும் தலை வெட்டப்பட்டார்கள். அந்த மன்னர் காலத்தைத் தாண்டிய கிரான்மர், மன்னரின் மகள் மேரியின் ஆட்சியில் 1556இல் எரிக்கப்பட்டார்.

இவர்களில் புனிதரானவர் மோர்; பட்டம் 1935இல்தான் வந்தது. திருச்சபைக்கு மன்னரே தலைவர் என்பதை ஏற்க மறுத்ததால் அவருக்கு மரண தண்டனை. தண்டனை நாள் ஜூலை 6. அதற்கு மறுநாள், பெக்கெட்டின் உடலைப் புதிய பீடத்துக்கு மாற்றியதை நினைவுகூரும் திருநாள். சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் மோர் இதைக் கவனித்துக் குறிப்பிட்டிருக்கிறார்: புனித தாமஸின் திருநாளுக்கு முந்தைய நாளில் இறப்பது தனக்குப் பொருத்தமாக இருக்கும் என்று. ஒரு ஹென்றியோடு மோதிய ஒரு தாமஸை, இன்னொரு ஹென்றியோடு மோதிய இன்னொரு தாமஸ் நினைத்துக்கொள்கிறார். பெயர் ஒற்றுமை அங்கே வெறும் குழப்பமாக இல்லாமல், ஒருவருக்கு ஆறுதலாகவே இருந்திருக்கிறது.

8ஆம் ஹென்றிக்கும் அந்த நினைவின் பலம் தெரியும். 1538இல் பெக்கெட்டின் கல்லறைப் பீடத்தை இடிக்கச் சொன்னார். அவர் பெயரை வழிபாட்டு நூல்களிலிருந்து அடிக்கவும் ஆணையிட்டார்.

ஹங்கேரியின் புனித ஸ்டீபனும் விவிலியத்து ஸ்தேவானும் ஒருவரா?

இல்லை, இடையில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இருக்கிறது. விவிலியத்தில் வருபவர் கல்லால் எறிந்து கொல்லப்பட்ட முதல் வேதசாட்சி. அவருடைய திருநாள் டிசம்பர் 26. ஹங்கேரி மன்னரின் இயற்பெயர் வய்க். ஞானஸ்நானத்தில் ஸ்டீபன் ஆனார். ஹங்கேரிய மொழியில் இஷ்ட்வான். 1000ஆவது ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளிலோ அடுத்த ஆண்டின் தொடக்கத்திலோ முடிசூடி, நாட்டின் முதல் மன்னரானார். 1038இல் இறந்தார். 1083இல் மகன் இம்ரேயோடு சேர்த்துப் புனிதராக்கப்பட்டார். அந்த ஆண்டின் ஆகஸ்ட் 20ஐ ஹங்கேரியர் இன்றும் தேசியத் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இங்கே ஒரு சிறு இடைச்செருகல். 'ஸ்டெஃபானோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மாலை, முடி என்று பொருள். பழைய கத்தோலிக்கத் தமிழ் இந்தப் பெயரை ஒலிபெயர்க்காமல் மொழிபெயர்த்தது: முடியப்பர். முதல் முறையாக முடிசூடிய ஒரு மன்னருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் அவரை யாரும் முடியப்பர் என்று எழுதுவதில்லை. அந்தப் பெயர் வேதசாட்சிக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

செர்பியாவில் கதை வேறு. அங்கே நெமானிச் வம்சத்து ஆட்சியாளர்கள் எல்லாருமே ஸ்டெஃபான் என்பதைத் தங்கள் பெயரின் முன்னால் வைத்துக்கொண்டார்கள். பட்டம் போலவே ஆகிவிட்டது. அந்த வம்சத்தை நிறுவிய ஸ்டெஃபான் நெமானியா 1196இல் பதவி துறந்து துறவியானார். துறவுப் பெயர் சிமியோன். புனிதராக வணங்கப்படுவது இந்தச் சிமியோன்தான். ஸ்டெஃபான் என்று தேடினால் அரசர் கிடைப்பார், சிமியோன் என்று தேடினால் புனிதர் கிடைப்பார், ஆள் ஒருவரே.

மால்டேவியாவை 1457 முதல் 1504 வரை ஆண்ட மகா ஸ்டீபனை ருமேனிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை 1992இல் புனிதராக அறிவித்தது. இங்கிலாந்தை 1135 முதல் 1154 வரை ஆண்ட ஸ்டீபனுக்கு அப்படி எந்த ஆபத்தும் வரவில்லை.

1ஆம் எட்வர்டுக்கு முன்பே எட்வர்டுகள் இருந்தார்களாமே? பிறகு அவர் எப்படி முதலாமவர்?

மூன்று பேர் இருந்தார்கள். மூத்த எட்வர்ட் (899 முதல் 924 வரை), வேதசாட்சி எட்வர்ட் (975 முதல் 978 வரை), கன்ஃபெசர் எட்வர்ட் (1042 முதல் 1066 வரை). எண்ணிக்கையை 1066 நார்மன் வெற்றிக்குப் பிறகு தொடங்கியதால் இவர்கள் மூவரும் கணக்கில் வரவில்லை. 1272இல் ஆட்சிக்கு வந்தவர் முதலாமவர் ஆகிவிட்டார். பொதுவாகவே, வாழ்ந்த காலத்தில் யாரும் தன்னை "முதலாம்" என்று நினைத்துக்கொண்டதில்லை. இரண்டாமவர் வந்த பிறகுதானே முதலாமவர் உருவாகிறார்?

இவர்களில் பின்னிருவரும் புனிதர்கள். இளைஞராக இருந்த வேதசாட்சி எட்வர்ட் கார்ஃப் என்ற இடத்தில் கொலை செய்யப்பட்டார். அவருடைய மாற்றாந்தாய் வழித் தம்பியின் மகன்தான் கன்ஃபெசர். இவருக்கு 1161இல் பட்டம் கிடைத்தது. அந்த அடைமொழியைப் பலர் 'பாவசங்கீர்த்தனம் கேட்பவர்' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். தவறு. கொல்லப்படாமலே, வாழ்ந்து தம் விசுவாசத்தை வெளிப்படுத்தியவர் என்பதே பொருள். பழைய கிறிஸ்தவ நூல்கள் இதற்குத் 'துதியர்' என்ற அழகான சொல்லை வைத்திருந்தன. ஒரு எட்வர்ட் வேதசாட்சி, ஒரு எட்வர்ட் துதியர் என்று எழுதினால் குழப்பமே இல்லை.

கிறிஸ்துமஸ் பாடலில் வரும் வென்செஸ்லாஸ் மன்னர் யார்?

அவர் மன்னரே இல்லை, பொஹீமியாவின் கோமகன். தம்பி போலெஸ்லாவின் ஆட்களால் 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொல்லப்பட்டார். நாள் செப்டம்பர் 28 என்பதில் ஐயமில்லை. ஆண்டு 929 என்றும் 935 என்றும் இருவிதமாகச் சொல்வார்கள். அதே பெயரில், செக் மொழியில் வாட்ஸ்லாவ், நான்கு பேர் பிற்பாடு உண்மையிலேயே மன்னர்களாக இருந்தார்கள். 1ஆம் வென்செஸ்லாஸ் 1230 முதல் 1253 வரை ஆண்டவர். அவருக்கும் பாட்டுக்கும் தொடர்பு இல்லை.

இந்தப் பெயர் படும் பாட்டைப் பாருங்கள். பேரரசர் 4ஆம் சார்லஸுக்கு 1316இல் வைத்த பெயரே வாட்ஸ்லாவ்தான். சிறுவயதில் பிரெஞ்சு அரண்மனையில் வளர்ந்தபோது சார்லஸ் என்று மாற்றிக்கொண்டார். மாற்றிக்கொண்டாலும் பழைய பெயரை மறக்கவில்லை. பொஹீமிய மன்னர்களுக்குப் புதிய கிரீடம் செய்வித்து, அதைப் புனித வென்செஸ்லாஸுக்கே அர்ப்பணித்தார். தன் மகனுக்கும் அந்தப் பெயரையே வைத்தார். அந்த மகன், 4ஆம் வென்செஸ்லாஸ், 1393இல் நெபோமுக் ஊர் ஜான் என்ற குருவைப் பிராக் நகரத்து வல்டாவா ஆற்றில் தள்ளிக் கொல்லச் செய்தார். 1729இல் அந்தக் குரு புனிதரானார். புனிதரின் பெயரைச் சுமந்தவர் இன்னொரு புனிதரை உருவாக்கினார், விரும்பாமலே.

கடலலையைப் பார்த்து நில் என்று சொன்ன கனூட் புனிதரா?

இல்லை. அலைக் கதை இங்கிலாந்து, டென்மார்க், நார்வே மூன்றையும் ஆண்ட மகா கனூட்டைப் பற்றியது. அவர் 1035இல் இறந்தார். அந்தக் கதையையும் பலர் தலைகீழாகச் சொல்கிறார்கள். முகஸ்துதி செய்தவர்களுக்கு அரச அதிகாரத்தின் எல்லையைக் காட்டத்தான் அவர் நாற்காலியைக் கடற்கரையில் போடச் சொன்னார் என்பது மூலக் கதை. புனித கனூட் என்பவர் அவருடைய சகோதரியின் பேரன், டென்மார்க் மன்னர் 4ஆம் கனூட். 1086இல் ஓடென்சே நகரத்துத் தேவாலயத்துக்குள் கிளர்ச்சியாளர்கள் அவரைக் கொன்றார்கள்.

எலிசபெத்தும் இசபெல்லும் வேறு வேறு பெயர்கள்தானே?

ஒரே பெயர். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் எலிசபெத்தை இசபெல் என்பார்கள். ஆகவேதான் போர்ச்சுகல் அரசி இசபெல் (1271 முதல் 1336 வரை) பிற நாடுகளில் புனித எலிசபெத் ஆகிறார். அவருடைய பாட்டியின் வழியில் ஹங்கேரியின் புனித எலிசபெத் (1207 முதல் 1231 வரை) உறவு. அந்த முறையில்தான் பெயரும் வந்தது.

பெயரோடு கதையும் வந்துவிட்டது. ஏழைகளுக்கு ரகசியமாக ரொட்டி கொண்டுபோனபோது மடியில் என்ன என்று கேட்கப்பட, திறந்து காட்டினால் அத்தனையும் ரோஜாப்பூ. இந்த அற்புதத்தை இருவர் மேலும் ஏற்றிச் சொல்கிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தால் வாழ்க்கை வரலாறுகளும் ஒன்றுக்குள் ஒன்று கசிந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. கொலம்பஸை அனுப்பிய காஸ்டீல் அரசி இசபெல் இந்த இருவரில் யாரும் அல்ல; அவர் புனிதரும் அல்ல.

ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் புனிதரா?

கிழக்குத் திருச்சபைக்குப் புனிதர். அங்கே மே 21இல் தாய் ஹெலினாவோடு சேர்த்துக் கொண்டாடுகிறார்கள். மேற்கில் ஹெலினாவுக்குத் திருநாள் உண்டு, மகனுக்கு இல்லை. இவர் 330இல் தொடங்கிவைத்த கான்ஸ்டான்டிநோபிள், 1453 மே 29இல் ஒட்டோமானியர் கைக்குப் போனது. அன்று போரில் மாண்ட கடைசிப் பேரரசர் 11ஆம் கான்ஸ்டன்டைன். அவருடைய தாயின் பெயரும் ஹெலினா.

ருஷ்யப் புனிதர்களுக்கு ஆளுக்கு இரண்டு பெயர் இருக்கிறதே?

இளவரசர் பெயர் ஒன்று, ஞானஸ்நானப் பெயர் வேறு. 988இல் கீவ் நாட்டைக் கிறிஸ்தவமாக்கிய விளாதிமிர் ஞானஸ்நானத்தில் பசீல் ஆனார். அவருடைய பாட்டி ஓல்கா ஹெலினா ஆனார். மகன்களில் போரிஸ் ரோமன் ஆனார், கிளேப் தாவீது ஆனார். மக்கள் நினைவில் நின்றவை பழைய பெயர்கள்தான். விளாதிமிர் என்பது முதலில் எந்தப் புனிதரின் பெயரும் அல்ல. இந்த அரசர் புனிதரானதால் அது புனிதப் பெயர் ஆயிற்று. முதல் கேள்வியில் நான் சொன்ன விதிக்கு நேர் எதிரான வழக்கு.

ஆசியாவில் இப்படிக் குழப்பம் நேர்ந்ததுண்டா?

உண்டு, அதுவும் மிகப் பெரியதாக. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்துவிட்டார். தூண்களிலும் பாறைகளிலும் "தேவானாம்பிய பியதசி" என்ற மன்னர் பேசுகிறார். யார் அவர்? இலங்கை வரலாற்றில் தேவநம்பிய தீசன் என்ற மன்னர் இருந்தது தெரியும். அவர்தான் இவர் என்று பிரின்செப் முதலில் நினைத்தார். இலங்கையிலிருந்த ஜார்ஜ் டர்னர் பாலி நூல்களில் தேடி, பியதசி என்பது அசோகரையே குறிக்கும் என்று காட்டினார். 1915இல் மஸ்கியில் கிடைத்த கல்வெட்டில் அசோகர் என்ற பெயரே இருந்தது. 'தேவர்களுக்குப் பிரியமானவர்' என்பது பெயர் அல்ல, பட்டம். இரண்டு அரசர்களுக்கும் அது பொது.

தீசன் என்ற பெயரும் லேசுப்பட்டதல்ல. மகாவம்சத்தின்படி, இலங்கைக்கு அசோகரின் மகன் மகிந்தரை அனுப்பிய பௌத்த முதுதுறவி மொக்கலிபுத்த தீசர்; அங்கே அவரை வரவேற்ற மன்னர் தேவநம்பிய தீசன்; துறவியான அசோகரின் தம்பியும் தீசர். ஒரே கதையில் மூன்று தீசர்கள்.

தமிழ் மரபில்?

மாறன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டியர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடியவர்கள். அவர்களில் நின்றசீர் நெடுமாறன், சம்பந்தர் காலத்து மன்னர், 63 நாயன்மாரில் ஒருவர். நம்மாழ்வாருக்கும் மாறன் என்பதே பெற்றோர் இட்ட பெயர். சைவத்தில் ஒரு மாறன், வைணவத்தில் ஒரு மாறன், அரண்மனையில் எத்தனையோ மாறன்கள்.

குலசேகரர் இன்னும் சிக்கலானவர். பெருமாள் திருமொழியின் 105 பாசுரங்களைப் பாடிய குலசேகர ஆழ்வார் சேர மன்னர். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரையை ஆண்ட மாறவர்மன் குலசேகரர் பாண்டியர். வேணாட்டு மன்னர்களோ குலசேகரப் பெருமாள் என்பதைப் பட்டமாகவே வைத்துக்கொண்டார்கள். முன்னால் சேரரா பாண்டியரா என்று சொல்லாமல் குலசேகரரைப் பற்றி எழுதக் கூடாது.

ஒரே புனிதரைத் தமிழ் நூல்கள் பல பெயரில் எழுதுகின்றனவே, எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜானும் யோவானும் அருளப்பரும் ஒரே பெயர். ஜேம்ஸ், யாக்கோபு, சந்தியாகு மூன்றும் ஒன்றே. பவுலும் சின்னப்பரும் ஒருவரே. பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவர் என்றுதான் பொருள். அரசர்களுக்கு நாம் ஆங்கில ஒலிப்பை எடுத்துக்கொண்டோம். புனிதர்களுக்குப் போர்ச்சுகீசிய, லத்தீன் வழி வந்த பழைய வடிவங்களையோ மொழிபெயர்ப்பையோ வைத்துக்கொண்டோம். ஆங்கிலத்தில் படிப்பவருக்கு ஒரே பெயர் இரண்டு பேருக்கு இருப்பது தொல்லை. தமிழில் படிப்பவருக்கு அந்த இருவரும் ஒரே பெயருடையவர்கள் என்பதே கண்ணில் படாமல் போவது தொல்லை.

சரிபார்க்கச் சுருக்கமான வழி?

ஊர், எண், அடைமொழி, இறந்த ஆண்டு. இந்த நான்கில் குறைந்தது இரண்டு கையில் இல்லாமல் யாரைப் பற்றியும் எழுதாதீர்கள். எண்ணை மட்டும் நம்பவே வேண்டாம். 23ஆம் ஜான் என்ற பெயரில் 1410இல் ஒருவர் போப் என்று உரிமை கொண்டாடினார். திருச்சபை அவரை ஏற்கவில்லை. 1958இல் வந்தவர் அதே 23ஐத் தானே எடுத்துக்கொண்டார், 2014இல் புனிதருமானார். 20ஆம் ஜான் என்று ஒரு போப் இருந்ததே இல்லை.

ஒரே பெயருடைய ஆட்சியாளரும் புனிதரும் நேரில் சந்தித்ததுண்டா?

உண்டு. 1456 ஜூலையில் ஒட்டோமானியச் சுல்தான் 2ஆம் மெஹ்மத் பெல்கிரேடை முற்றுகையிட்டிருந்தார். கோட்டையைக் காக்க வந்தவர், சில ஆண்டுகள் ஹங்கேரியின் ஆளுநராக நாட்டை நடத்திய ஹுன்யாடி யானோஷ். அவருக்குத் துணையாக, விவசாயிகளையும் மாணவர்களையும் திரட்டிக்கொண்டு வந்தவர் எழுபது வயதான பிரான்சிஸ்கன் துறவி, கபிஸ்திரானோ ஊர் ஜொவான்னி. யானோஷ், ஜொவான்னி இரண்டும் ஜான்தான். முற்றுகை முறிந்தது. அதற்குப் பின் பாசறையில் கொள்ளை நோய் பரவியது. ஹுன்யாடி ஆகஸ்ட் 11இல் இறந்தார். துறவி அக்டோபர் 23இல். ஒரு ஜானின் மகன் இரண்டு ஆண்டுகளில் ஹங்கேரியின் மன்னரானார். இன்னொரு ஜானின் பெயரில் கலிஃபோர்னியாவில் ஓர் ஊர் இருக்கிறது: சான் ஹுவான் கபிஸ்திரானோ.